இனியாவுக்கு ஒரு சிவப்புகூட விழவில்லை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாங்கள் பொத்தான் வைத்த கதையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சரியாகச் சொன்னால் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் கட்டைவிரல் மேலே பார்க்கும், இன்னொன்றில் கீழே பார்க்கும். அவற்றை எப்படி நிரலில் எழுதினோம் என்று விவரித்து உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். செல்வி ஒரே பிற்பகலில் எழுதி முடித்துவிட்டாள். கீழே பார்க்கும் விரலை ஒரு மனிதரை மனசார அழுத்த வைப்பதற்குத்தான் எங்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. ஏரலில் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து விடாமல் எழுதுகிறேன். ஆற்றில் தண்ணீர் பாலத்தைத் தொட்ட நாளும் அதில் இருக்கிறது, அலுவலக ஏ.சி. பழுதான நாளும் இருக்கிறது. ஆகவே இதில் வரும் கிழமைகளையும் தேதிகளையும் நம்பலாம். பேச்சையும் அன்றன்றே குறித்து வைத்தேன். தான் பேசாததையும் நான் சேர்த்து எழுதியிருப்பதாக ஜெபா மட்டும் குற்றம் சொல்கிறான். ஜெபா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகம் பாளையங்கோட்டை ரோட்டில், ஓர் உப்பு வியாபாரியின் கட்டடத்தில் இரண்டாவது மாடி. பொறுப்பாளரான என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஜெபாவும் செல்வியும் மூத்த நிரலாளர்கள். தலைமையிடம் சென்னை. துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் கண்டெய்னர் யார்டுகளும், சுங்க ஏஜென்ட் அலுவலகங்களும், இறால் ஏற்றுமதி செய்கிறவர்களும் கப்பல் அட்டவணைக்கும் கண்டெய்னர் வரிசைக்கும் சொந்தமாகச் சின்னச் சின்ன நிரல்கள் வைத்திருப்பார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலகத்துக்கு ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அவர்களுக்காக நாங்கள் ஓர் ஏஐ உதவியாளரைச் செய்திருந்தோம். நிரல் எழுதும் திரையின் வலப்பக்கம் அது உட்கார்ந்திருக்கும். 'இந்த வாரக் கப்பல்களுக்குப் போக வேண்டிய கண்டெய்னர்களைத் தேதிப்படி வரிசையாக்கு' என்று கேட்டால் அதற்கான நிரலை எழுதிக் கொடுக்கும். சரியாகவும் எழுதும், தப்பாகவும் எழுதும். எப்போது தப்புகிறது என்பதைப் பயன்படுத்துகிறவர் சொன்னால்தான் நாங்கள் திருத்த முடியும். பொத்தான்கள் அதற்காகத்தான்.

அந்த வருடம் எங்கள் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கியது. தூத்துக்குடி அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரையும் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று மேலிடத்தில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் மூன்றாம் வெள்ளியன்று இயக்குநர் மேடம் நேரில் வந்து, இந்த உதவியாளர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. எனக்குக் கவலையில்லை, ஓய்வு பெற எட்டே மாதம் இருந்தது. செல்விக்குச் சென்னையில் அக்கா வீடு உண்டு. ஜெபாவின் கதை வேறு. அவன் மனைவி இங்கே அரசு மருத்துவமனையில் செவிலியர். அவர்களுக்கு ஜூன் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பெண் குழந்தை பிறந்தது. அலுவலகம் சென்னைக்குப் போனால் அவன் மட்டும் போக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை ரயிலேறி வந்து, தன்னை யாரென்று தெரியாமல் அழும் குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அவன் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சென்னை ரயில் நேரங்களை எழுதிய ஒரு தாள் மட்டும் அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது.

குழந்தைக்கு இனியா என்று பெயர் வைத்தார்கள். ஜெபா எங்களுக்கும் துறைமுகப் பக்கம் இருக்கும் அலுவலகங்களுக்குமாகப் பெட்டி பெட்டியாக மக்ரூன் இனிப்பு வாங்கிக் கொடுத்தான். அப்போது உதவியாளருக்குப் பெயர் வைக்கப்படவில்லை. "நம்ம புள்ள பேரையே வச்சிருவோம்" என்று சொன்னது நான்தான். எல்லோரும் கைதட்டினார்கள். செல்வி ஒரு குட்டி முகம் வரைந்து, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்தாள். எங்கள் உதவியாளர் இனியா ஆனது. இதுவரை நாங்கள் செய்ததில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. அன்று அது எங்கள் ஐந்து பேர் கண்ணிலும் படவில்லை.

ஜூலை நடுவில் ஒரு திங்கட்கிழமை பொத்தான்களை வெளியிட்டோம். ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் 'இனியா எழுதியது நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டு, பச்சையில் மேல்விரல், சிவப்பில் கீழ்விரல். பச்சையை அழுத்தினால் அவ்வளவுதான். சிவப்பை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். என்ன குறை என்று விளக்கி எழுத வேண்டும், பெயரும் அலுவலகமும் தேதியும் போட வேண்டும். இது என் உத்தரவு. பதிவு என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மூன்று வாரம் ஓடியது. ஒரு சிவப்புகூட விழவில்லை. நான் அதைத் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். பச்சைக் கோடு பனைமரம் மாதிரி நேராக நின்றது. மேடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். பனிமய மாதா கோயிலில் கொடியேறியிருந்த நாட்கள் அவை, ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. ஜெபா கண்ணாடிக்கு அடியிலிருந்த ரயில் தாளை எடுத்துக் குப்பையில் போட்டான். அதையும் குறித்து வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

திருவிழா முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, துறைமுகம் போகும் வழியில் உள்ள ஒரு கண்டெய்னர் யார்டுக்குப் போனேன். அங்கே பிரின்டர் தகராறு. அங்கு நிரல் பார்க்கிறவன் இசக்கி, முப்பது வயதிருக்கும், திருச்செந்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன்.

"வாங்க அண்ணாச்சி. ஒரு நிமிசம் இரிங்க, இத முடிச்சிட்டு வாரேன்" என்றான்.

அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இனியாவிடம் எதையோ கேட்டான். அது எழுதிக் கொடுத்தது. அவன் நேராக இரண்டு வரிகளுக்குப் போய் எதையோ இடம் மாற்றினான். ஓட்டிப் பார்த்தான். பிறகு வெகு இயல்பாகப் பச்சை விரலை அழுத்தினான்.

"என்னலே மாத்துன?"

"அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இந்தப் புள்ள மாசத்தத் தூக்கி முன்னால போட்டுரும். ஆகஸ்ட் ஒம்பதுக்கு 9/8-ன்னு நாம எழுதி வச்சா, செப்டம்பர் எட்டுன்னு படிக்கும். நான் கையால மாத்திக்கிடுவேன்."

"தெனமுமா?"

"மாசம் பொறந்ததுல இருந்து இதே கததான்."

வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் தேதி, ஒரு கப்பல் புறப்படுகிறது. அதில் ஏற வேண்டிய இறால் கண்டெய்னர் அடுத்த மாதம்தான் போகிறது என்று நிரல் நம்பினால், அதைக் கடைசி வரிசைக்குத் தள்ளியிருக்கும். இசக்கியின் கைதான் அதைத் தடுத்திருக்கிறது.

"பொறவு எதுக்குலே பச்சைய அமுக்குன?"

இசக்கி என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, அது ஜெபாவோட புள்ள பேருல்லா."

"அதனால?"

"பொறந்து ரெண்டு மாசம் ஆவல. மக்ரூன் வேற தின்னிருக்கேன். பொட்டெல்லாம் வச்சி முகத்தப் போட்டிருக்கிய. பச்சப்புள்ளைக்கு நேரா வெரலக் கீழ காட்டச் சொல்லுதியளா? வெளங்குமா அது?"

"அது புள்ள இல்லலே. புரோகிராம்."

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரிய மாட்டேங்கே" என்றான். "நேத்து திருவிழாவுல ஜெபா தூக்கிட்டு வந்திருந்தான். எம் வெரலப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல அந்தப் புள்ள. இன்னிக்கு அதே வெரல வச்சி..." தலையை ஆட்டினான்.

"மத்த ஆபீஸ்ல?"

"ஒருத்தனும் அமுக்க மாட்டான் அண்ணாச்சி. அப்படியே ஒருத்தன் துணிஞ்சாலும் உங்க பெட்டி தொறக்குது. இனியாகிட்ட என்ன கொற, வெளக்கமா எழுது, பேரப் போடு, தேதியப் போடுங்கு. போலீஸ் ஸ்டேசன்ல பெட்டிசன் எழுதுற மாதிரில்லா இருக்கு."

ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். கொற்கைப் பக்கத்து முத்துக்குளிப்பைப் பற்றி எத்தனை பழைய ஆவணங்கள் படித்திருக்கிறேன்! குளிப்புக்கு நாள் அறிவிக்கும் முன், கடலடியிலிருந்து மாதிரிக்குச் சிப்பி எடுத்து வந்து திறந்து பார்ப்பார்கள். உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் அறிவிப்பு. நான் சிப்பியின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் உறைத்தது. அந்தத் தேதித் தப்பு மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில்தான் வெளியே தெரியும். முதலில் நிற்கும் எண் பதின்மூன்றோ அதற்கு மேலோ ஆனால், அப்படியொரு மாதம் கிடையாதே என்று சுதாரித்துக்கொண்டு நிரல் சரியாகப் படித்துவிடும். நாங்கள் பொத்தான் வைத்தது ஜூலை நடுவில். ஆகவே முதல் இரண்டு வாரம் தப்பு தூங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் பிறந்ததும் விழித்துக்கொண்டது. வாழ்நாள் முழுக்கத் தேதியே மூச்சாக இருந்தவன் நான். என் மூக்குக்குக் கீழே தேதி தலைகீழாக நின்றிருக்கிறது.

அலுவலகத்தில் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். ஜெபாவின் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. தன் பிள்ளை மேல் ஊருக்கு இத்தனை பிரியமா என்ற சிரிப்பு. அப்புறம் அது மெல்ல இறங்கியது.

"வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளி மேடம் வாராங்க" என்றாள் செல்வி. "இப்பம் போயி இத மாத்துனோம்னா செவப்பா ஊத்தும். பச்சையா இருக்க பேப்பரப் பாத்துட்டு அவங்க போயிரட்டும். பொறவு மாத்துவோம். பத்து நாளுதான."

எனக்கும் நியாயமான யோசனையாகத்தான் பட்டது. தேதியை மட்டும் ஓசைப்படாமல் சரிசெய்துவிட்டுப் பச்சைத் தாளைச் சுவரில் அப்படியே விட்டுவைக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு பத்து நாள் என்றைக்காவது வரும். அப்போது முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இழப்பதற்கு அதிகம் இருந்தது ஜெபாவுக்குத்தான். அதனால் நான் வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

அவன் கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏளா செல்வி, இசக்கி திருத்துதான், சரி. நாளைக்கு அவன் லீவு போட்டுட்டு அவன் எடத்துல ஒரு புது ஆளு உக்காந்தா? அவன் அப்படியே ஓட்டிருவான். தேதியாவது தெரிஞ்சிபோச்சி. தெரியாம இன்னும் எத்தன கெடக்கோ?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு கண்டெய்னர் எறாலு வெயில்ல கெடந்து நாறும். 'யாரு எழுதுனது?'ம்பான். 'இனியா எழுதுனது'ம்பாங்க. எனக்கு அது வேண்டாம் அண்ணாச்சி. எம் புள்ள பேர எடுத்துருங்க" என்றான்.

செல்வி உடனே கணினியைத் திறந்துவிட்டாள்.

பெயரை எடுத்தாயிற்று. எந்தப் பெயரை வைப்பது?

"பேரே வேண்டாமே. 'உதவி'ன்னு போட்டுருவோம்" என்றேன்.

"பேரில்லாத ஆளுகிட்ட எவன் பேசுவான்? பேரு வேணும் அண்ணாச்சி. ஆனா யாரத் திட்டுனா ஒருத்தருக்கும் மனசு நோவாதோ, அவங்க பேரா இருக்கணும்" என்றாள் செல்வி.

நாலு முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக என் பக்கம் திரும்பின.

"என்ன, எல்லாரும் என்னையப் பாக்குதிய?"

"தப்பா நெனைக்காதிய" என்றாள் செல்வி. "போன மாசம் ஜெபா லீவு லெட்டர்ல கிழமை போடலன்னு திருப்பிக் குடுத்தியள்லா?"

"தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துதான்னு பாக்க வேண்டாமா?"

"அந்த லெட்டர போட்டோ புடிச்சி இவன் எல்லா யார்டுக்கும் அனுப்பிட்டான். ஊரே சிரிச்சிக் கெடக்கு."

என் பெயர் பொன்ராஜ். மறுநாள் புதன்கிழமை, உதவியாளரும் பொன்ராஜ் ஆனது. செல்வி வரைந்த புது முகத்தில் மூக்குக் கண்ணாடியும் சட்டைப்பையில் இரண்டு பேனாவும் இருந்தன. பொட்டு இல்லை.

இனி அந்தப் பெட்டி. விளக்கம், பெயர், தேதி எல்லாம் கேட்கும் என் பெட்டியை என்ன செய்வது என்று யோசித்தபோது, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. அப்போது ஒரு தனியார் சரக்கு நிறுவனத்துக்காகக் கப்பல் மேடையில் கணினி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே கிரேனுக்குக் கைச்சைகை காட்டும் ஒருவர் இருந்தார். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் நாட்குறிப்பில் 'சைகைக்காரர்' என்றுதான் இருக்கிறது. ஏற்று, இறக்கு, இடப்பக்கம் திருப்பு என்று கிரேனுக்கு அவர் ஒருவர்தான் சொல்லலாம். வேறு யார் கையாட்டினாலும் கிரேன் அசையாது.

ஒருநாள் காலையில், சரக்கு அந்தரத்தில் இருக்கும்போது, மூட்டை எண்ணிக்கொண்டிருந்த குமாஸ்தா திடீரென்று இரண்டு கையையும் தூக்கி 'நிறுத்து' என்று காட்டினார். கிரேன் நின்றது. சைகைக்காரர் சரக்கைப் பதமாகக் கீழே இறக்கி வைக்கச் சொன்னார். அப்புறம்தான் குமாஸ்தாவிடம் போனார். பார்த்தால் ஒன்றுமில்லை. கட்டுக்கயிறு நழுவுவதாக அவர் நினைத்தது கயிற்றின் நிழலாம். அந்த மனிதர் கூசிப் போனார். சைகைக்காரர் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

"வேலை கெட்டுச்சே அண்ணாச்சி, ஒண்ணும் கேக்க மாட்டியளா?" என்று கேட்டேன்.

"நிறுத்துன்னு மட்டும் இங்கன யாரும் சொல்லலாம் தம்பி. டீ கொண்டு வாரவர்கூடச் சொல்லலாம். மொதல்ல நிறுத்தணும், பொறவு கேக்கணும். கேக்கதும் சிரிச்சிக்கிட்டுக் கேக்கணும். இன்னிக்கு நான் மொறச்சம்னு வச்சிக்க, நாளைக்கு நெசமாவே கயிறு நழுவும்போது அவரு கையத் தூக்க மாட்டாரு."

அதை அன்றே எழுதி வைத்தவன்தான் நான். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, பெட்டிசன் பெட்டி வைத்தவனும் நான்தான். எழுதி வைப்பது வேறு, வேண்டிய நேரத்தில் கைக்கு வருவது வேறு.

பெட்டியைத் தூக்கிவிட்டோம். சிவப்பை அழுத்தினால் அழுத்தியதுதான், அதுவே எங்களுக்கு வந்து சேரும். அதன் பிறகு கீழே நாலு சின்னக் கட்டங்கள் தெரியும்: 'ஓடவில்லை', 'தேதியோ எண்ணோ தப்பு', 'நான் கேட்டது வேறு', 'தேவைக்கு மேல் நீளம்'. விருப்பமிருந்தால் ஒன்றைத் தொடலாம், எழுத ஆசையிருந்தால் ஒரு வரி எழுதலாம், ஒன்றும் செய்யாமலும் போகலாம். பெயர் கேட்பதில்லை, எந்த அலுவலகம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

வியாழன் காலை ஒன்பதரைக்கு முதல் சிவப்பு விழுந்தது. பத்தரைக்குள் செல்வியின் திரை வெற்றிலைச் சாறு துப்பிய சுவர் மாதிரி ஆகிவிட்டது. எழுதப்பட்டிருந்த வரிகளை அவள் நின்றுகொண்டு உரக்கப் படித்தாள்.

"'நாலு வரி கேட்டேன், நாப்பது வரி தந்திருக்கிய. ஆபீஸ்லயும் இப்படித்தான அண்ணாச்சி?' இது ஒண்ணு. 'பொன்ராஜ் கேட்டதத் தவிர பாக்கி எல்லாம் சொல்லுதாரு.' இது இன்னொண்ணு. 'லீவு லெட்டர்ல கிழமை கேக்குதிய, இங்கன மாசத்தையே மாத்திப் போடுதியளே!'"

ஜெபா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்தது அன்றுதான். வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் அந்த வரிகளைப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரியாத்தான எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் தோசை வார்க்கப் போய்விட்டாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விழுந்த சிவப்பெல்லாம் உண்மையான சிவப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வியாழன் மத்தியானம் இசக்கியின் யார்டிலிருந்து, எந்தக் கேள்வியும் கேட்காமல், இரண்டு நிமிடத்தில் பதினோரு சிவப்பு வந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான். சந்தேகப்பட்டு இசக்கிக்கு போன் செய்தேன்.

"ஆமா அண்ணாச்சி, நான்தான். சாப்புட்டுட்டுச் சும்மா இருந்தேன். நல்லா இருந்திச்சி" என்றான்.

அவனுக்கு அது உதவியாளர் மேல் இருந்த கோபமில்லை. போன வருடம் எங்களுக்குச் செய்த ஒரு சின்ன வேலைக்கு அவன் கொடுத்த பில்லை, தேதி இல்லையென்று நான் திருப்பி அனுப்பியது தொடர்பானது. குழந்தையின் பெயர் பச்சைப் பக்கம் சாய்த்த மாதிரி, என் பெயர் சிவப்புப் பக்கம் சாய்த்தது. ஆக, எதை எண்ணுவது? செல்வியும் ஜெபாவும் நானும் ஒரு மணி நேரம் வாதாடினோம். கடைசியில், கட்டத்தையும் தொட்ட சிவப்புகளை முதலில் பார்ப்பது என்று முடிவு செய்தோம். விளையாட்டுக்கு அழுத்துகிறவன் விரலை ஒரு தடவை குத்திவிட்டுப் போய்விடுவான். நிஜமாகவே வயிறெரிகிறவன் இன்னும் ஒரு கணம் நின்று எது தப்பு என்று காட்டிவிட்டுப் போவான். அந்த ஒரு கணம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அப்படிப் பார்த்ததில் 'தேதியோ எண்ணோ தப்பு' கட்டம்தான் எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது. ஏறக்குறைய எல்லா அலுவலகத்திலும் எல்லோரும் தனித்தனியாக, சத்தம் போடாமல், மாதம் பிறந்ததிலிருந்தே கையால் திருத்தி வந்திருக்கிறார்கள். யார்டுக்கு யார்டு போன் செய்து எச்சரித்தோம். வெள்ளிக்கிழமைக் கப்பலில் இறால் ஏறியது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் ஜெபா தேதியைச் சரிசெய்துவிட்டான். அதோடு, கண்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கத்தைச் சில நேரம் விழுங்கிவிடும் இன்னொரு தப்பும் மாட்டியது. அதை இசக்கிகூட அதுவரை கவனித்திருக்கவில்லை.

ஆனாலும் மேடம் வரும் வெள்ளியன்று காலை நாங்கள் ஐந்து பேரும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம். சுவரில் பச்சைத் தாள் இருந்த இடத்தில் சிவப்புத் தாள் தொங்கியது. ஜெபா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான், கழுத்துப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ரயில் நேரம் எழுதிய தாள் மறுபடியும் வந்திருந்தது.

மேடம் அதிகம் பேசாதவர். சிவப்புத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு தன் பையிலிருந்து நான் அனுப்பிய பழைய பச்சை அறிக்கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே வாரத்துல எப்படி இவ்வளவு கெட்டுப்போச்சு?"

ஜெபா என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான். "கெட்டுப்போகல மேடம். கெட்டுத்தான் இருந்துச்சு. இப்பதான் சொல்றாங்க."

"இதுல எத்தனை சரிபண்ணீங்க?"

அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். எந்தச் சிவப்பினால் எந்தத் தப்பு தெரிந்தது, என்றைக்குத் திருத்தினோம், திருத்திய பிறகு அந்தக் கட்டம் எப்படி இறங்கியது. மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்க பச்சை ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றார். "மூணு வாரம் ஒரு ஆள்கூட குறை சொல்லலைன்னா, யாருமே இதை நிஜமா யூஸ் பண்ணலை, சும்மா பச்சையை அழுத்துறாங்கன்னு அர்த்தம்னு நினைச்சேன். இங்க வந்து அதை நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். ஆபீஸை மூடுற லெட்டர்கூட அடிச்சு வச்சாச்சு."

லெட்டரை அவர் வெளியே எடுக்கவில்லை. தூத்துக்குடி அலுவலகம் இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும், பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார். ஜெபா போய் ஜன்னலைத் திறந்தான். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, இருந்தாலும் திறந்தான்.

கிளம்பும்போது, இதற்கு ஏன் என் பெயர் என்று கேட்டார். செல்வி எல்லாவற்றையும் சொன்னாள், லீவு லெட்டர் உட்பட. மேடம் முதல்முறையாகச் சிரித்தார். ஜெபாவின் போனில் இனியாவின் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகு நான் அவருக்காகத் தயாரித்திருந்த, நாள்வாரியாகக் குறிப்பு எழுதிய, தடித்த அறிக்கையை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் பேனாவால் கட்டைவிரலைத் தலைகீழாக வரைந்து, அதன் கீழே 'தேவைக்கு மேல் நீளம்' என்று எழுதி என்னிடம் நீட்டினார். அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

அந்த ஒரு வருடம் முடிந்து அடுத்த வருடமும் வந்துவிட்டது. அலுவலகம் அதே மாடியில்தான் இருக்கிறது. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் அங்கே புதிதாக வந்து சேர முடிகிறது. நான் ஓய்வு பெற்றபோது உதவியாளரின் பெயரை மாற்றிவிடலாமா என்று செல்வி எல்லா அலுவலகங்களுக்கும் கேட்டு அனுப்பினாள். வேண்டாம் என்று பதில் வந்தது. "அண்ணாச்சி போனாப் போகட்டும், பொன்ராஜ் இருக்கட்டும்" என்று இசக்கி எழுதியிருந்தான். இப்போது நீங்கள் தினமும் திட்டுவது அந்தப் பொன்ராஜைத்தான். தாராளமாகத் திட்டுங்கள். கட்டத்தையும் மறக்காமல் தொடுங்கள்.

ஓய்வில் நான் என் நாட்குறிப்புகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரே தேதியில் வெவ்வேறு வருடங்களில் என்ன நடந்தது என்று அடுக்கிப் பார்க்க ஆசை. போன செவ்வாய்க்கிழமை அதற்கு ஒரு நிரல் எழுதித் தரும்படி பொன்ராஜிடம் கேட்டேன். எழுதிக் கொடுத்தது. ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் அழகாக வந்தது, பிப்ரவரி இருபத்தொன்பதை மட்டும் காணோம். நாலு வருடத்துக்கு ஒரு முறை நான் கவனமாக எழுதி வைத்த அத்தனை பக்கங்களையும் விழுங்கிவிட்டது.

கண்ணாடி போட்ட அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் சிவப்பை அழுத்தினேன். 'தேதியோ எண்ணோ தப்பு' கட்டத்தைத் தொட்டு, என்ன தப்பு என்று ஒரு வரியும் எழுதினேன்.

மறுநாள் காலையில் ஜெபா போன் செய்தான். பின்னால் இனியா எதற்கோ கத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு சங்கதி. பிப்ரவரி இருவத்தொம்போதக் காணோம்னு யாரோ பொன்ராஜத் திட்டிருக்காங்க. கிழமையோட எழுதிருக்காங்க."

"யாராம்?"

"தெரியல அண்ணாச்சி. நாமதான் பேரு கேக்கதில்லையே" என்றான். குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா சொல்லிருங்க, சரி பண்ணியாச்சின்னு."

"பாத்தா சொல்லுதேன்" என்றேன். போனை வைத்துவிட்டு நாட்குறிப்பை எடுத்து, புதன்கிழமை என்று எழுதி, தேதியும் போட்டேன்.